ஐந்துக்கு மூன்றரை

அஸ்தம்பட்டிப் பள்ளியின் மாடியில்
பதினெட்டு மேசை, நான்கு மின்விசிறி.
காலையில் பன்னிரண்டு, மாலையில் பன்னிரண்டு,
பெயர் கிழித்த விடைத்தாள்கள்.
சேலத்து ஏப்ரலில்
சிவப்பு மைகூட இளகி வழிகிறது.

கேள்வி முப்பத்தேழு.
தூது ஆர்.என்.ஏ.வின் செய்தி
புரதமாவதை விவரி.
எல்லாரும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்கள்,
அதே காற்புள்ளி, அதே எழுத்துப்பிழை.
நகலெடுப்பதும் உயிர்ச்செயல்தானே என்று
சுழித்துக்கொண்டே போனேன்.

பிறகு இந்தத் தாள்.
இடப்பக்கம் சாயும் நீலக் கையெழுத்து.

"இடைவெளி விடாமல் எழுதுகிறேன்:
அவள்குடம்கழுவ.
மும்மூன்றாய்ப் பிரித்தால் ஒரு பெண் தெரிவாள்.
முதல் எழுத்து உதிர்ந்தால்
வள்கு டம்க ழுவ.
பெண்ணும் இல்லை, குடமும் இல்லை.
ரைபோசோம் இதையும் விடாமல் படிக்கும்.
அதற்கு மொழி தெரியாது."

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
தொடக்கக் குறி, அரை.
கடத்து ஆர்.என்.ஏ., ஒன்று.
குடத்துக்கு எதுவும் இல்லை.

இருபத்தாறு வருடமாக
ரைபோசோம் புரிந்துகொள்கிறது என்றுதான்
வகுப்பில் சொல்லிவருகிறேன்.
யாருக்குப் புரிகிறது?
கடத்தி ஒரு கையால் மூன்றெழுத்தைத் தடவும்,
மறுகையில் ஓர் அமினோ அமிலம்.
ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாது.
முன்பே எங்கோ ஒரு நொதி
இந்த ஆளுக்கு இந்த மூட்டை என்று
ஏற்றி அனுப்பியிருக்கிறது.
இரு மொழியும் அறிந்தது அது ஒன்றுதான்.
அதற்கும் கண் கிடையாது. தடவிப் பார்ப்பதுதான்.
இப்படியே நொடிக்கு ஐந்தாறு கோத்து,
என் ரத்தச் சிவப்பில் ஒரு சங்கிலிக்கு
நூற்று நாற்பத்தாறு கண்ணி,
அரை நிமிடத்தில்.

பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தேன்.
"சங்கிலி வெளியே வரும்போதே தானாக மடிந்"

அவ்வளவுதான்.
மணி அடித்திருக்கும்.
தாளைப் பிடுங்கியிருப்பார்கள்.

அறுந்த செய்தியின் நுனியில்
ரைபோசோம் இப்படித்தான் நிற்குமாம்.
அடுத்த எழுத்தும் வராது, முடிவுக்குறியும் வராது.
பிடியில் பாதிப் புரதம்.
யாராவது வந்து கழற்றிவிடும்வரை
போகவும் முடியாது.

இக்னேஷியஸ் சார் வந்து நின்றார்.
"என்ன மேடம், கட்டு நகரலையே?"
"இங்க ஒரு 'து' இல்ல சார்."
"இல்லாததுக்கு மார்க்கும் இல்ல."
மூன்று போட்டேன்.
அவர் அடுத்த மேசைக்குத் திரும்பியதும்
குடத்துக்கு ஓர் அரை.

ஏழேகால் ஏற்காடு பஸ்.
கோரிமேட்டில் கூட்டம் ஏறியது.
அடிவாரத்தில் டிரைவர் கியரை மாற்றினார்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
அமினோ அமிலமும் இருபது.
தற்செயல்தான். ஆனாலும்
ஒவ்வொரு பலகையையும் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

எட்டாவது வளைவில் குளிர் நுழைந்தது.
யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.
குளிருக்குக் கூசுகிறவர்கள்
ஜன்னலை விட்டு நடுவுக்கு நகர்ந்தார்கள்.
காற்று கேட்டவர்கள் ஓரத்துக்குப் போனார்கள்.
ஒரு கைக்குழந்தை, ஒரு பலாப்பழம்,
மிலிட்டரி ஸ்வெட்டர் போட்ட ஒருவர்
எல்லாம் உள்ளே ஒடுங்கி ஒட்டிக்கொண்டன.
தண்ணீருக்கு அஞ்சும் கண்ணிகள்
இப்படித்தான் உட்புறம் தேடிப் போகும்.
சேலத்தில் வரிசையாய் ஏறியவர்கள்
பதினொன்றாவது வளைவுக்குள்
வேறொரு வடிவம்.

"து" என்றேன், சற்று உரக்க.

கண்டக்டர் வையாபுரி திரும்பினார்.
"என்ன டீச்சர், நிறுத்தணுமா?"

இல்லை என்று தலையசைத்தேன்.
சில்வர் ஓக் இருட்டில்
காப்பிப் பூ மணத்தது.
அந்தத் தாளின் எண்ணை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
ஆறு இலக்கம்.
ஐந்துதான் வருகிறது.